ஏழாவது துணுக்கு

கஞ்சத்தனத்துக்கு ஒரு பரிசு வைத்தால் மெழுகக்காதான் தட்டிக்கொண்டு போவாள், பரிசைச் சுற்றி வந்த தாளையும் நீவி மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள் என்று அந்த ஆய்வகத்தில் சொல்வார்கள். பொய்யில்லை. மெழுகு சீவும் இயந்திரத்தின் பிளேடு மழுங்கிவிட்டால் மற்றவர்கள் கழிவு டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இவள் போட மாட்டாள். துடைத்து, பழைய மருந்துப் பெட்டி ஒன்றில் அடுக்கி, "கை வேலைக்கு ஆகும்" என்பாள். அப்படி எடுத்து வைத்த ஒரு பிளேடு அவளிடம் ஒரு மாதம் உழைக்கும். அந்த மருந்துப் பெட்டிக்கு 'முதியோர் இல்லம்' என்று பெயர் வைத்தவள் பக்கத்து மேசைக்காரி. அவள் கண்ணாடித் தகடுகளுக்குச் சாயம் ஏற்றுகிறவள். அதனால் அவளுக்கு வர்ணம் என்று பெயர்.

மருத்துவமனையின் பின்கட்டில், மருந்துக் கிடங்குக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவில் இருக்கிறது அந்த நீள அறை. நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுக்கிற சதைத் துணுக்குகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவற்றை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவிக் கொடுப்பது மெழுகக்காவின் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். இத்தனை வருடத்தில் ஒரு துணுக்குகூடத் தொலைத்ததில்லை, பதிவேட்டில் அவள் எழுதிய எண்ணை ஒரு தடவைகூட அடித்துத் திருத்தியதில்லை. இதை அவளே வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிவிடுவாள், நாம் வேறு சொல்ல வேண்டியதில்லை.

அன்று திங்கட்கிழமை. காலை ஒன்பதரைக்கு ஒரு சின்னக் குப்பி வந்தது. கூட வந்த தாளில் அறுவை மருத்துவர் தன் கோழிக்கிறுக்கலை ஓரங்கட்டிவிட்டு நிதானமாக எழுதியிருந்தார்: முதுகெலும்பின் பக்கத்திலிருந்து ஊசியால் எடுத்தது, ஏழு துணுக்குகள், மறுபடி எடுக்க முடியாது. கடைசி இரண்டு சொல்லுக்கும் அடியில் இரட்டைக் கோடு.

டாக்டரம்மா தானே எழுந்து மெழுகக்காவின் மேசைக்கு வந்தார். நுண்ணோக்கியில் பார்த்து நோயைப் பெயர் சொல்லி அழைக்கிறவர் அவர். அவர் இடத்தை விட்டு எழுந்து வந்தாலே விஷயம் பெரிது என்று அர்த்தம். குப்பிக்குரியவர் கட்டடங்களுக்குச் சாயம் அடிக்கும் ஒரு பெயிண்டர், நாற்பத்தொரு வயது என்று சொன்னார். எடுக்கும்போதே ரத்தம் நிற்காமல் போய், பெரும்பாடு பட்டு நிறுத்தினார்களாம். முதுகில் வளர்ந்திருப்பது ஒரு வகையாக இருந்தால் மாத்திரையிலேயே சுருங்கிவிடும். இன்னொரு வகையாக இருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எந்த வகை என்பதை வெறும் சாயத்தில் கண்டுபிடிக்க முடியாது. தன் ஜோடியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தை விட்டு, ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டாங்க அக்கா. அதுக்குள்ள நம்மகிட்ட இருந்து பதில் போகலைன்னா கத்தியை வெச்சிடுவாங்க. நரம்புக்குப் பக்கத்துல இருக்கு. அதுக்கப்புறம் அவர் ஏணி ஏறுறது இருக்கட்டும், எழுந்து நடக்கிறதே சந்தேகம்."

"குடுங்க டாக்டரம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள் மெழுகக்கா. அவள் 'பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

துணுக்குகள் ஒவ்வொன்றும் கடுகில் பாதிகூட இருக்காது. அப்படியே, நீரை எடுத்துவிட்டு மெழுகை ஏற்றும் இயந்திரத்துக்குள் அனுப்பினால் திசைக்கொன்றாகப் போய்விடும், துணுக்குகளை வைத்து அனுப்பும் சிறு பெட்டியின் ஓட்டை வழியாக வெளியே நழுவினால் போனது போனதுதான். அதனால் முதலில் அவற்றை ஜெல்லில் உறைய வைப்பார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கிற வெள்ளைத் தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் கரையும், ஆறினால் கெட்டியாகும், அவ்வளவுதான் ஜெல். ஆனால் எந்தச் சூட்டில் ஊற்றுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மெழுகக்கா வெப்பமானியைப் பார்ப்பாள், அதை நம்பாமல் ஜெல் குடுவையை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தும் பார்ப்பாள்.

அன்றும் அப்படித்தான் பார்த்தாள். குப்பியிலிருந்த நீர் ரத்தத்தில் கலங்கி இருந்ததால் உள்ளே எத்தனை என்று எண்ண முடியவில்லை. சொட்டுக்குழாயால் உறிஞ்சி ஒரு குட்டி அச்சுக்குள் விட்டாள், மேல்நீரை இறுத்தாள், ஜெல்லை ஊற்றினாள், குளிர்தட்டின் மேல் பத்து நிமிடம் வைத்தாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை வெளியே வந்தது. வில்லையின் மேல்பக்கம் எப்போதும் கொஞ்சம் உப்பி, பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும். அதைச் சீவி எறிந்துவிட்டால் அடியில் கிடக்கும் துணுக்குகள் பளிச்சென்று தெரியும். ஆகவே முதலில் சீவுவது, பிறகு எண்ணுவது. இது அவளே கண்டுபிடித்த முறை. வர்ணத்துக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். முதியோர் இல்லத்திலிருந்து ஒரு பிளேடை எடுத்து ஒரே இழுப்பு. மேல்மூடி கழிவுப் பைக்குள் விழுந்தது.

வில்லையைக் கறுப்புத் தாளின் மேல் வைத்து எண்ணினாள். ஆறு.

திருப்பி வைத்து எண்ணினாள், பூதக்கண்ணாடியை வைத்து எண்ணினாள். ஆறுதான். குப்பியைக் கழுவிப் பார்த்தாள், மூடியின் மரையைப் பார்த்தாள், சொட்டுக்குழாயை மூன்று தடவை பீச்சிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல மனுஷி. ஊசியால் எடுக்கிறவர்கள் ரத்தக் கட்டியையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள் அக்கா, ஆறு போதும், விடுங்கள் என்றார். மெழுகக்கா பதிவேட்டில் 6 என்று எழுதி, வில்லையைச் சிறு பெட்டிக்குள் வைத்து மூடி, பதப்படுத்தும் திரவத்தில் போட்டாள். மாலையில் இயந்திரத்துக்குள் போக வேண்டியது அது. எழுதிவிட்டாளே தவிர மனசு ஆறவில்லை. அறுவை மருத்துவர் எண்ணத் தெரியாத ஆளா, இரட்டைக் கோடு போட்டவர் ஏழு என்று சும்மாவா எழுதுவார் என்று மண்டைக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. அந்த எரிச்சலில் வர்ணத்திடம் இரண்டு முறை வள்ளென்று விழுந்தாள்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை. பையில் இன்னொரு சின்ன டப்பா இருந்தது. பள்ளி விடுமுறையில் இருக்கும் மகள், பன்னிரண்டு வயது, வீட்டில் செல்லமாகக் குட்டி, சமையல் கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வாரமாகப் பாத்திரங்களைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தாள். அப்பாவும் பொண்ணும் கூட்டு. அவர் வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவர், மகள் கிண்டுகிற எதையும் வாயில் வைக்காமல் நழுவி, "அம்மாவுக்குக் கட்டிக் குடு, அவங்கதான் கரெக்டா சொல்வாங்க" என்று மனைவியின் தலையில் கட்டிவிடுவார். இன்றைக்கு ஜெல்லி. டப்பா மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: அம்மா, திராட்சையும் வாழைப்பழமும் கலந்துதான் போட்டேன், திராட்சை எல்லாம் கீழே போய்விட்டது, வாழைப்பழம் எல்லாம் மேலே வந்துவிட்டது, சிரிக்கக் கூடாது.

வர்ணம் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அம்மா ஊற்றினாலும் ஜெல்தான், பொண்ணு ஊற்றினாலும் ஜெல்தான், குடும்பத் தொழில் ஆகிவிட்டது என்றாள்.

மெழுகக்கா சிரிக்கவில்லை. டப்பாவைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடியில் கறுப்புத் திராட்சைகள் வரிசையாகக் கிடந்தன. மேலே, மூடியை ஒட்டி, வெளிறிய வாழைப்பழ வில்லைகள் இருப்பதே தெரியாமல் இருந்தன. கொழுப்பு ஒட்டிய சதை மிதக்கும். இது அவளுக்குத் தெரியாத விஷயமா? பத்தொன்பது வருடம் குப்பை கொட்டிய பிறகு இதைக்கூட மறந்து தொலைத்தால் என்ன சொல்வது! எல்லாத் துணுக்கும் அடியில்தான் கிடக்கும் என்று நினைத்து, மேல்மூடியைக் கண்ணால் பார்க்காமல்கூடச் சீவி எறிந்துவிட்டாள். ஜெல்லியை அப்படியே மேசையில் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

மேசைக்கு அடியில் புத்தம் புதிய மஞ்சள் பை வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. கழிவு வண்டிக்காரர் வந்து போய்விட்டார். தினமும் இரண்டு மணிக்கு வருகிற ஆள், என்றைக்கும் இல்லாத அதிசயமாக அன்று ஒன்றே காலுக்கே வந்திருக்கிறார். மெழுகக்கா செருப்புச் சத்தம் எதிரொலிக்கப் படியிறங்கிப் பின்முற்றத்துக்குப் போனாள். நல்லவேளை, லாரி இன்னும் வரவில்லை. வண்டியில் பைகள் கழுத்து இறுகக் கட்டி, அறை எண் ஒட்டி, அடுக்கி இருந்தன.

வண்டிக்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கட்டிய பையைப் பிரிப்பது அவர் சட்டத்தில் கிடையாது. என்ன ஏது என்று பொறுமையாகக் கேட்டார், கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கட்டினா கட்டினதுதாம்மா. ஒருத்தருக்குப் பிரிச்சா நாளைக்கு ஊசி குத்திட்டு நிக்கறது நானு. டாக்டர் வந்து நின்னு சொல்லட்டும், பிரிக்கறேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் வேதனை. டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆறு என்று தன் கையால் எழுதியது தப்பு, ஏழாவதைக் குப்பையில் போட்டது தான், யாரும் இல்லை. பத்தொன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பெருமை ஒரே வாக்கியத்தில் போய்விடும். பெயிண்டருடைய ஏணி ஞாபகம் வந்தது. போனால் போகட்டும் என்று கைப்பேசியை எடுத்தாள்.

"டாக்டரம்மா, தப்பு பண்ணிட்டேன். ஏழாவது துணுக்கை நான்தான் குப்பையில போட்டிருக்கேன்னு நினைக்கிறேன். பின்பக்கம் கொஞ்சம் வர்றீங்களா?"

டாக்டரம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, இறங்கி வந்தார். பின்னாலேயே வர்ணமும் வந்தாள். டாக்டர் நின்று சொன்னதும் வண்டிக்காரர் வேறு மனிதர் ஆகிவிட்டார். அவரே அகலத் தட்டு கொண்டுவந்தார், எல்லோருக்கும் கனத்த கையுறை கொடுத்தார், முடிச்சை நிதானமாக அவிழ்த்தார், குச்சியால் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். கையுறைகள், பஞ்சு, காகிதம். அவற்றுக்கு நடுவே மூன்று ஜெல் மூடிகள் கிடைத்தன. மூன்றையும் கறுப்புத் தாளில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவதின் விளிம்போரம், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு வெளிறிய துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

மெழுகக்காவுக்கு உயிர் வந்தது. வந்த உயிர் ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை.

"அக்கா, மூணு மூடி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மத்த ரெண்டும் வர்ணம் காலையில போட்ட வேற ரெண்டு பேரோடது. இந்தத் துணுக்கு பெயிண்டரோடதுதான்னு எப்படிச் சொல்றது? வேற ஒருத்தர் சதையை வெச்சு இவருக்குப் பதில் எழுதினா, அது இல்லாததைவிட மோசம். நிச்சயம் இல்லைன்னா நான் தொட மாட்டேன்."

வண்டிக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். டாக்டரம்மா சொல்வது சரி என்பது மெழுகக்காவுக்கும் தெரியும். அவளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். மூடியைக் கையில் எடுத்துச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டுப்பட்ட பக்கத்தில் ஏதோ மின்னியது. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். இரண்டு கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஓடின. மற்ற இரண்டு மூடிகளையும் எடுத்துப் பார்த்தாள். அவை வழவழவென்று இருந்தன, ஒரு கீறல் இல்லை.

"வர்ணம், நீ எந்த பிளேடுல சீவின?"

"புதுசுலதான். நான் என்ன உங்களை மாதிரியா?"

மெழுகக்கா மூன்று மூடிகளையும் தட்டோடு எடுத்துக்கொண்டாள். எல்லோரையும் இழுத்துக்கொண்டு மேலே போனாள். திரவத்திலிருந்து சிறு பெட்டியை எடுத்துத் திறந்து, ஆறு துணுக்குகள் உள்ள வில்லையைக் கறுப்புத் தாளில் வைத்தாள். அதன் வெட்டுப்பட்ட முகத்திலும் இரண்டு கோடுகள். முதியோர் இல்லத்தைத் திறந்து காலையில் எடுத்த பிளேடை நீட்டினாள். அதன் கூரில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருந்தது. பிறகு இடுக்கியால் மூடியை எடுத்து வில்லையின் மேல் மெதுவாக வைத்து, கால் வட்டம் திருப்பினாள். கோட்டின் மேல் கோடு போய் உட்கார்ந்தது, விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. காலையில் அச்சிலிருந்து வெளியே வந்த பொத்தான் அப்படியே மறுபடி முழுசாக இருந்தது.

டாக்டரம்மா குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நுண்ணோக்கியின் அடியில் வைத்தும் பார்த்தார். மற்ற இரண்டு மூடிகளையும் வைத்துப் பார்க்கச் சொன்னார், அவை எந்தப் பக்கம் திருப்பினாலும் சேரவில்லை. வர்ணம் போட்ட வில்லைகளை வரவழைத்து அந்த மூடிகள் அவற்றோடு சேர்கின்றனவா என்றும் பார்த்தார். கச்சிதமாகச் சேர்ந்தன. அப்புறம்தான் நிமிர்ந்தார்.

"இது அவரோடதுதான். போடுங்க அக்கா" என்றார்.

"இனிமே அந்த பிளேடைக் கிண்டல் பண்ணினேன்னா என்னைச் செருப்பால அடிங்க" என்றாள் வர்ணம்.

மெழுகக்கா ஏழாவதுக்கும் தனியாக ஜெல் ஊற்றினாள். இந்தத் தடவை அடியில் கொஞ்சம் ஊற்றி, அது பாதி இறுகிய பிறகு துணுக்கை வைத்து, மேலே மறுபடி ஊற்றினாள். மேலே வரவும் முடியாது, கீழே போகவும் முடியாது. பதிவேட்டை எடுத்து 6 என்பதன் குறுக்கே ஒரே கோடு போட்டு, 7 என்று எழுதி, பக்கத்தில் நடந்ததை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அடித்த எண்ணைப் பார்த்தாள். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பசி எடுத்தது. போய்ச் சோற்றைச் சாப்பிட்டாள், ஜெல்லியை யாரோ குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், அதை மறந்தே போனாள்.

செவ்வாய்க்கிழமை மெழுகில் பதித்தாள். புதன்கிழமை சீவினாள், அன்றைக்கு முதியோர் இல்லத்தின் பக்கம் திரும்பாமல் உறை பிரிக்காத பிளேடைப் போட்டாள். ஏழாவதிலிருந்து பதினான்கு சீவல்கள் வந்தன. ஒன்றுகூடக் கிழியவில்லை. வர்ணம் அவற்றை வாங்கிக்கொண்டு போய் மருந்தும் நிறமும் ஏற்றினாள். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு டாக்டரம்மா தன் அறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"அக்கா, வந்து பாருங்க."

மெழுகக்கா சீவிக் கொடுப்பாளே தவிர நுண்ணோக்கியில் பார்ப்பது அபூர்வம். கண்ணை வைத்தாள். ஆறு துணுக்குகளிலும் ரத்தக் கட்டியும் தசை நாரும்தான் இருந்தன என்று டாக்டரம்மா பக்கத்தில் நின்று காட்டினார். ஒன்றும் சொல்ல முடியாதவை. பிறகு தகட்டை மாற்றினார். கொழுப்பின் வெள்ளைக் கண்களுக்கு நடுவே கூட்டம் கூட்டமாகச் செல்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் அழகான பழுப்பு வளையம்.

"மாத்திரையில போற வகை. ஆபரேஷன் வேணாம்னு இப்பத்தான் போன் பண்ணினேன்" என்றார் டாக்டரம்மா. "பெயிண்டரோட மனைவி பக்கத்துல நின்னு அழுதாங்களாம். அறுவை டாக்டர் சொன்னாரு."

மெழுகக்கா கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் டாக்டரம்மாவுக்கு முகம் தெரியும். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அழுகை வேறு வந்து தொலைத்தது. பெயிண்டரின் முகம் அவளுக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. இனி எங்கே ஒரு கட்டடத்தில் ஏணி சாய்த்திருந்தாலும் அண்ணாந்து பார்ப்பாள், அது மட்டும் நிச்சயம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குட்டி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை கொடுத்த ஜெல்லி எப்படி இருந்தது என்று மூன்று நாளாகக் கேட்டும் பதில் இல்லை, பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். தையல் இயந்திரத்தின் பின்னாலிருந்து அப்பா, எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். மெழுகக்கா பையைத் திறந்து, அன்றுதான் ஞாபகம் வந்து எடுத்து வந்த டப்பாவை வெளியே எடுத்தாள். மூன்று நாள் குளிர்பெட்டியில் கிடந்து விளிம்பெல்லாம் சுருங்கி, வாழைப்பழம் கறுத்துப் போயிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, கரண்டியை எடுத்து, கடைசி வாய் வரை சாப்பிட்டாள். குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெயிண்டரைப் பற்றியும் குப்பைப் பையைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள், தான் செய்த தப்பையும் சேர்த்தே சொன்னாள். அப்பாவும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

நாளைக்கு ஆய்வகத்துக்கு எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு பெரிய டப்பா ஜெல்லி செய்து கொடு, வண்டிக்காரர் தாத்தாவுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றாள் மெழுகக்கா. குட்டிக்குத் தலை கால் புரியவில்லை.

"அம்மா, இப்ப எனக்கு வழி தெரியும். பாதி ஊத்தி, உறைஞ்சதும் பழத்தைப் போட்டு, மேல மறுபடி ஊத்தினா எல்லாம் நடுவுலயே நிக்கும். அப்படியே பண்றேன்."

"வேணாம்டி கண்ணு" என்றாள் மெழுகக்கா. "வாழைப்பழம் மேலயே மிதக்கட்டும்."